இருபத்தெட்டு நாள் மாதம்

வேடசந்தூர் ஆத்துமேட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்று போர்டில் இருக்கிறதே தவிர, பிழைப்பு ஓடுவது ரீசார்ஜ், ஆன்லைன் அப்ளிகேஷன், பி.எஃப். க்ளெய்ம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழிப்பது. கிழித்த தாளைக் குப்பையில் போடமாட்டேன். வருகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட அதன் பின்பக்கம் உதவும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போகிற பொண்ணு ஒன்று வந்து நின்றது. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கொஞ்ச நேரம் வெளியே விடுவார்கள். அதற்குள் சோப்பு, ஷாம்பு, நாப்கின், தம்பிக்கு ஒரு நோட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு ஓடவேண்டும்.

"அண்ணே, ரீசார்ஜ் போட்டு முழுசா ஒரு மாசம் ஆகலை. அதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு மெசேஜ் வருது. ஏமாத்துறாங்களா?"

"ஏமாத்தலைம்மா. அது இருபத்தெட்டு நாள் பேக்."

"மாசத்துக்கு முப்பது நாள்தானண்ணே?"

"உனக்கு முப்பது. அவங்களுக்கு இருபத்தெட்டு."

சிரிக்கத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். இருபத்தெட்டைப் பதின்மூன்றால் பெருக்கினால் 364. வருஷத்துக்கு 365 நாள். அதாவது, ஒரு நாள் மிச்சம் வைத்துக் கச்சிதமாகப் பதின்மூன்று மாதம் பண்ணியிருக்கிறார்கள். நமக்குச் சம்பளம் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை. ரீசார்ஜ் பதின்மூன்று தடவை. இந்தக் கணக்கைப் போட்டவன் எந்தக் கல்லூரியில் படித்தானோ, அவன் காலில் விழவேண்டும்.

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் அடுத்தடுத்து விலையை ஏற்றின. 239 ரூபாய்க்கு இருந்த ஒரு பேக் ஒரே நாளில் 299 ஆனது. அன்றைக்கு என் கடை வாசலில் நடந்த சண்டைக்கு அளவில்லை. எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். கம்பெனிக்காரன் ஆத்துமேட்டில் உட்கார்ந்திருந்தால் அவனைத் திட்டுவார்கள், நான்தானே உட்கார்ந்திருக்கிறேன்! முப்பது நாள் செல்லுபடியாகும் பேக் ஒன்றாவது வைக்கவேண்டும் என்று 2022-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டுவிட்டது. வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடையில் ரேஷன் விலைக்கு விற்கும் சாமானை எந்த மூலையில் வைப்பார்களோ, அந்த மூலையில்.

இதில் என்னைக் குடைகிற விஷயம் அறுபது ரூபாய் ஏறினது இல்லை. அந்தப் பொண்ணு மாதத்தின் முதல் தேதி ஓட்டுகிற ஷிப்டுக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதிதான் கூலி. இது மில்காரர் செய்கிற தப்பும் இல்லை. 1936-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலை என்றால் ஏழாம் தேதிக்குள், அதற்கு மேல் என்றால் பத்தாம் தேதிக்குள் என்று இடம் கொடுத்திருந்தது. ஆக, முதல் தேதி உழைப்பை முப்பத்தாறு, முப்பத்தேழு நாள் அந்தப் பொண்ணு மில்லுக்குக் கைமாற்றாகக் கொடுத்து வைக்கிறாள். வட்டி கிடையாது. கடன் என்றுகூட அதற்குப் பேர் கிடையாது. ஆனால் போனில் அம்மாவோடு பேசுவதற்கு முன்பணம் கட்டவேண்டும். ரீசார்ஜ் கடைக்காரன் பாஷையில் சொன்னால், நாம் கொடுப்பதெல்லாம் ப்ரீபெய்டு. நமக்கு வருவதெல்லாம் போஸ்ட்பெய்டு.

பணக்காரன் மேலும் பணக்காரன் ஆகிறான், ஏழை அப்படியே கிடக்கிறான் என்று டிவியில் பேசுகிறார்கள். கோட்டு போட்டவர் ஒருவர் சதவீதம் சொல்வார். எனக்கு அந்தச் சதவீதம் மண்டையில் ஏறாது. எனக்குத் தெரிந்த இடைவெளி காலண்டரில் இருக்கிறது. அவர்கள் சுவரில் தொங்குவது வேறு காலண்டர், நம்ம சுவரில் தொங்குவது வேறு.

என் கதையையே சொல்கிறேன். இந்த ஜெராக்ஸ் மிஷின் தவணையில் வாங்கியது. ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இருக்கவேண்டும். ஒரு மாதம் ஐந்தாம் தேதி என் கணக்கில் நாற்பது ரூபாய் குறைவு. நாற்பது! முதல் நாள் சாயங்காலம் கடையில் ஒருவர் லேமினேஷன் போட்டுவிட்டு, "நாளைக்குத் தர்றேன் மாமா" என்று போனாரே, அதுதான் அந்த நாற்பது. ஆறாம் தேதி காலையில் பார்த்தால் வங்கி 590 ரூபாய் பிடித்திருக்கிறது. ஐந்நூறு அபராதம், அதற்கு ஜி.எஸ்.டி. தொண்ணூறு. மத்தியானம் ஃபைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு இன்னொரு 590. நாற்பது ரூபாய்க்கு 1,180 தண்டம். அபராதத்துக்கும் வரி உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். போன் போட்டால், "சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா எடுத்திருக்கும் சார்" என்றது ஒரு பொண்ணு. அதுவும் எங்கேயோ ஷிப்டு பார்க்கிற பொண்ணுதான். அதைத் திட்ட மனசு வரவில்லை.

இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். தாமதமானால் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் ஈட்டுத்தொகை. நல்ல மனசுக்காரர்கள்தான் எழுதியிருக்கவேண்டும். 2024-25-ல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். அதில் 0.05 சதவீதம் எவ்வளவு? பதினாறு பைசா. பதினாறு பைசாவை இப்போது யார் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்! அந்த வருஷம் கார்த்திகையிலிருந்து கூலி வரவில்லை. 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி நிற்கிறது என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அது பொங்கல் நேரம். எங்கள் பக்கத்துக் கிராமத்து அப்பத்தாக்கள் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "கூலி விழுந்துருக்கா, பாத்துச் சொல்லு தம்பி" என்று நின்றார்கள். ஒன்றும் விழவில்லை. சிலருக்குக் குறைந்திருந்தது.

ஆமாம், குறைந்திருந்தது. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பிடித்திருந்தார்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்றுதான் அவர்களுக்குச் சொல்லி ஆரம்பித்தார்கள். நடுவில் எந்தக் கையெழுத்தில் எப்படி மாறியதோ, சாதாரணக் கணக்கு ஆகியிருக்கிறது. அப்பத்தாவுக்கு நான் என்னவென்று விளக்குவது? "உங்ககிட்டப் பணம் இல்லைல்ல அப்பத்தா, அதுக்குத்தான் பணம் பிடிச்சிருக்காங்க." இப்படிச் சொன்னால், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்க்கிறார்கள். அரசு வங்கிகள் மட்டும் 2020-லிருந்து 2024 வரை ஐந்து நிதியாண்டுகளில் இப்படிப் பிடித்தது ஏறக்குறைய 8,500 கோடி என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். 2025-ல் சில அரசு வங்கிகள் இந்த அபராதத்தை நிறுத்தின. நல்ல விஷயம். ஆனால் பிடித்ததைத் திருப்பி வரவு வைத்த வரி ஒன்றை, என் கடைக்கு வந்த எந்தப் பாஸ்புக்கிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.

குழு லோன் பற்றிச் சொல்லாமல் இருந்தால் என் வீட்டுக்காரி கோபித்துக்கொள்வாள். எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குழு கூடும். ஒரு வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் பாயில் வரிசையாக உட்காரவேண்டும். வசூல் பண்ண வருகிற பையன் பைக்கை நிறுத்திவிட்டு டேப்லெட்டைத் திறப்பான். வாராவாரம். ஒருத்தி கொண்டுவரவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து அவள் பங்கைப் போடவேண்டும். போடும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. மில் வேன் ஹார்ன் அடிக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சோறு கட்டவேண்டும், இவர்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நான் கண்ணால் பார்த்தது: ஒரு நாள் ஒருத்தி வரவில்லை. அவள் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மற்றவர்களிடம் தேறியது போக முந்நூறு ரூபாய் குறைந்தது. கடைசியில் என் வீட்டுக்காரி, கேஸ் சிலிண்டருக்கு வைத்திருந்ததை எடுத்துப் போட்டாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் விறகு அடுப்பு. ஒரு குடும்பம் கட்டவேண்டிய கடன் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. வரம்பே பாதி. விதியை மதித்து நடந்தாலும் பாதிச் சம்பளம் போய்விடலாம் என்று அர்த்தம்.

அந்தப் பக்கத்துக் காலண்டரில் செவ்வாய்க்கிழமை கிடையாது. 2014-15-லிருந்து 2022-23 வரை ஒன்பது வருஷத்தில் வங்கிகள் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி. அதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது மட்டும் 7.40 லட்சம் கோடி. இதுவும் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொன்னதுதான். இது தள்ளுபடி இல்லை, நீக்கிவைப்புதான், வசூல் தொடரும் என்று விளக்கமும் சொன்னார்கள். சரி. தொடரட்டும். ஆனால் இந்த 'நீக்கிவைத்துவிட்டு மெதுவாக வசூலிப்பது' என்ற ஏற்பாடு அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஏன் இல்லை? எந்தக் கம்பெனி முதலாளியின் கடனுக்காவது மற்ற ஒன்பது முதலாளிகளைப் பாயில் உட்கார வைத்திருக்கிறார்களா? நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. காலை ஏழு மணி, வரிசையாக, "மிச்சம் போடுங்க சார், அப்பத்தான் விடுவேன்."

அவசரம் என்றால் அரசாங்கத்துக்கு வேகம் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வரியை முப்பதிலிருந்து இருபத்திரண்டு சதவீதமாகக் குறைத்ததாக அறிவிப்பு வந்தது. புதிதாகத் தொடங்கும் ஆலைகளுக்குப் பதினைந்து. நாடாளுமன்றம் கூடும்வரைகூடக் காத்திருக்கவில்லை, அவசரச் சட்டம். வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று அவர்களே சொன்னார்கள். ஒரு காலை. நான் கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

தொழிலாளிக்கான பக்கத்தில் பாருங்கள். பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பதினோரு வருஷம் தாண்டிவிட்டது. அன்றைக்குக் கடையில் ஒரு டீ என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? ஆயிரம், ஆயிரமாகவே நிற்கிறது. தையல் தொழிலாளிகளின் குறைந்தபட்சக் கூலியை 2004-க்கு அப்புறம் 2014-ல்தான் திருத்தினார்கள். அதையும் எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய், 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. பன்னிரண்டு வருஷம்! ஒரு பொண்ணு தையல் மிஷினில் உட்கார்ந்து, கல்யாணம் முடித்து, அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலம். மாநில அரசைத் தனியாக விட்டுவிடவும் கூடாது. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் சட்டத் திருத்தத்தைச் சட்டசபையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே கத்தியதால் மே தினத்தன்று வாபஸ். ஏற்றிய வேகத்தில் இறக்கினார்கள் என்பதால் அதற்கு ஒரு கும்பிடு.

இந்த நாள் கணக்கில் எங்கள் ஊர் மில்களுக்கென்று ஒரு தனிச் சாமர்த்தியம் இருந்தது. வேடசந்தூர், வடமதுரை, எரியோடு, குஜிலியம்பாறை சுற்றுவட்டாரம் முழுக்க நூற்பாலைதான். ஒரு காலத்தில் புகையிலை போட்ட பூமி. இங்கே மத்திய அரசு புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்தது. குடகனாறு வறண்டு, கிணறு வறண்டு, புகையிலையும் குறைந்தபோது மில்கள் வந்தன. வந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டோம். என் வீட்டுக்காரியே கல்யாணத்துக்கு முன்பு கோன் வைண்டிங்கில் இருந்தவள். அவள் போட்டிருக்கும் தோடு மில் காசுதான். அதை நான் மறைக்கவில்லை.

அந்தக் காலத்தில் சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். கிராமம் கிராமமாக ஏஜெண்ட் வருவார். பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்தால், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ. அது தனியாகக் கொடுக்கும் பரிசு இல்லை, மாதாமாதம் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலிதான் என்பது பலருக்குப் பின்னால்தான் புரிந்தது. நடுவில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் மொத்தமும் போச்சு என்று பல பிள்ளைகள் அழுதுகொண்டு வந்ததை ஊர் அறியும்.

ஏன் மூன்று வருஷம்? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அப்போதைய கிராஜுவிட்டிச் சட்டப்படி ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் பணிக்கொடை. மூன்று வருஷத்தில் அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் 1981-ஆம் வருஷச் சட்டம் ஒன்று உண்டு: இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. மூன்று வருஷம் அதைத் தாண்டுகிறதே என்கிறீர்களா? அதற்குத்தான் 'அப்ரண்டிஸ்' என்று ஒரு வார்த்தை. பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு 480-ஐ எண்ணவே ஆரம்பிக்கமாட்டார்கள். ரிங் ஃபிரேமில் அறுந்த இழையை ஒட்டுவதைப் பத்து நாளில் கற்றுக்கொண்ட பிள்ளை, மூன்று வருஷமும் பயிற்சியிலேயே இருக்கும். டாக்டருக்குப் படிப்பவர்கள்கூட ஒரு கட்டத்தில் படித்து முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பேரில் இப்போது நோட்டீஸ் ஒட்டுவதில்லை. ஹாஸ்டல் இருக்கிறது. உள்ளே தமிழோடு இப்போது ஒடியாவும் இந்தியும் கேட்கிறது. அந்தப் பிள்ளைகளும் என் கடைக்கு ரீசார்ஜுக்கு வருவார்கள். "பையா, அட்டாயிஸ் தின்?" என்று கேட்பார்கள். இருபத்தெட்டை இந்தியில் கற்றுக்கொண்டேன்.

சின்ன மில் நடத்துகிறவர் ஒருவர் என் கடைக்கு வருவார். அவரிடம் இதையெல்லாம் சொன்னால் அவரும் ஒரு காலண்டரை எடுத்துக் காட்டுவார். 2022-ல் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. பஞ்சுக்காரனுக்கு உடனே பணம் வேண்டும், கரண்டு பில் தேதி தவறக்கூடாது, நூல் வாங்கினவன் மட்டும் மூன்று மாதம் இழுப்பான். "அவனைக் கேட்டா, வெளிநாட்டுக்காரன் அவனுக்கு இன்னும் தரலைங்கிறான்" என்பார். சிறு நிறுவனங்களிடம் சரக்கு எடுத்தால் 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. "சட்டத்தைக் காட்டிக் கேட்டா, அடுத்த ஆர்டர் எங்க போகும்?" 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி போட்டபோது, அங்கே இருந்து விலைக் குறைப்புக் கேட்டு வந்த மெயில், திருப்பூர் வழியாகப் படி இறங்கி, இவர் மேஜைக்கு வந்து, அடுத்த நாள் இவர் மில்லில் ஒரு ஷிப்டு நின்றது. அவர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைக் காக்க வைக்கிறான். அவன் தனக்குக் கீழே இருக்கிறவனை. கடைசிப் படியில் நிற்கிற அந்தப் பொண்ணு யாரைக் காக்க வைப்பாள்? வேன்காரனைக்கூட முடியாது. ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விடுவான்.

மேலே இருக்கிறவனை நேராகப் பிடித்த ஒரு தடவை உண்டு. 2021 ஜனவரியில் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துத் துணி ஆலை ஒன்றில் வேலை பார்த்த இருபது வயசு தலித் பொண்ணு கொலை செய்யப்பட்டாள். அவளுடைய சூப்பர்வைசர்தான் கைதானான். பெண்கள் முன்னால் நின்று நடத்துகிற தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடு எச் அண்ட் எம்மையும், பிறகு கேப், பி.வி.எச். என்ற வெளிநாட்டு பிராண்டுகளையும் கையெழுத்துப் போட வைத்தது. வேலை பார்க்கிற இடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கிற அந்த ஒப்பந்தத்துக்கு உலகம் முழுக்கத் திண்டுக்கல் என்ற எங்கள் ஊர்ப் பேர்தான். பூட்டுக்கும் பிரியாணிக்கும் அப்புறம் இதற்காகவும் திண்டுக்கல்லைச் சொல்கிறார்கள். பெருமையா என்றால், வாய் வரவில்லை. அந்தக் கையெழுத்துக்கு ஒரு உயிரும் பதினைந்து மாதமும் ஆயிற்று.

2023-24-ல் கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் ஏறியது, வேலைக்கு எடுத்த ஆள் எண்ணிக்கை 1.5 சதவீதம்தான் ஏறியது என்று அரசாங்கத்தின் பொருளாதார ஆய்வறிக்கையே சொல்லிவிட்டது. அந்தச் செய்தி வந்த பேப்பரில்தான் மறுநாள் வடை மடித்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஒழுகிய இடத்தில் 22.3 நன்றாகத் தெரிந்தது.

இதையெல்லாம் எழுதவேண்டும் என்று தோன்றியது போன வாரம் வந்த ஒரு அக்காவால். நாற்பது வயசு இருக்கும். ஒரு மில்லில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, இளைப்பு வந்து, மூச்சு முட்டி நின்றுவிட்டார். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. பி.எஃப். பணம் அறுபதாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. மகளுக்குக் காலேஜ் பீஸ். மஞ்சப்பைக்குள் இருந்து ஆதார், பாஸ்புக், மில் ஐ.டி. கார்டு எல்லாம் வந்தது.

முதல் சிக்கல் இனிஷியல். மில்லில் சேரும்போது மாமியார் வீட்டு அட்ரஸ், புருஷன் இனிஷியல் 'க'. ஆதாரில் அப்பா இனிஷியல் 'மா'. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஏழு வருஷம் மாதாமாதம் பிடித்தபோது இரண்டும் ஒரே ஆளாகத்தான் இருந்தது, கொடுக்கும்போதுதான் இரண்டு ஆள். இதற்காக நாலு மாதம் அலைந்து, மில் ஆபீஸில் கையெழுத்து வாங்கி, போன மாதம்தான் சரியானது. இரண்டாவது, வேலையை விட்ட தேதியை மில்லில் பதியவே இல்லை. அதை இப்போது நாமே பதியலாம். அதற்கு ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. ஆதாரில் கொடுத்த நம்பருக்கு வரும்.

"அந்த நம்பர் இப்ப இல்லையேண்ணே. மூச்சு முட்டிக் கெடந்த நேரத்துல ரீசார்ஜ் போடல. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா கட் ஆயிருச்சு. இது புது நம்பர்."

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. இப்படிச் செய்யக்கூடாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அக்கா முகத்தைப் பார்த்துத் தோன்றியது. அந்தப் பழைய நம்பருக்கு அடித்துப் பார்ப்போமே. ரிங் போனது. யாரோ எடுத்தார்கள். தமிழ்தான். பேச்சு சேலம் பக்கம் போலத் தெரிந்தது. அக்கா போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நல்லா இருக்கீங்களா தம்பி? இந்த நம்பர் மொதல்ல என்னுதுதான் தம்பி. உங்களுக்கு இப்ப ஆறு எழுத்துல ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும். என் பி.எஃப். பணம் தம்பி, ஏழு வருசம்..."

ஸ்பீக்கரில் இருந்தது. எனக்கும் கடையில் நின்ற இன்னும் இரண்டு பேருக்கும் கேட்டது. "ஓ.டி.பி. கேக்குற திருட்டுக் கும்பலா? போலீஸ்ல குடுத்துருவேன், வைடி போனை."

அக்கா போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் மேலும் தப்பு இல்லை. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்று வங்கிக்காரனே தினமும் மெசேஜ் அனுப்புகிறான்.

ஆதாரில் நம்பரை மாற்றத்தான் வேண்டும். சென்டரில் டோக்கன் கேட்டோம். அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். 75 ரூபாய் கட்டணம். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொண்டுபோய் விற்கலாம் என்றிருந்தாராம் அக்கா. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

போகும்போது பர்ஸைத் திறந்தார். "புது நம்பரும் கட் ஆயிறப் போகுது. ஒண்ணு போட்டு விடுங்கண்ணே. எத்தனை நாளைக்கு?"

"இருபத்தெட்டு."

காலண்டர் தாள் ஒன்றை எடுத்துக் கேட்டார். வியாழக்கிழமைக்கு எட்டு நாள். ஆதாரில் நம்பர் ஏற ஒரு வாரம், பத்து நாள் என்றேன். விட்ட தேதியைப் பதிந்து க்ளெய்ம் போட்டால், பி.எஃப். ஆபீஸில் இருபது நாள் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அக்கா விரல் மடக்கி எண்ணினார். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, திரும்பவும் முதல் கைக்கு வந்தார்.

"அப்ப நடுவுல இன்னொரு தடவை போடணும்ணே" என்று சொல்லி, 299 ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போனார்.